மூடிய மைதானத்தைத் திறக்கும் வரிசை: தொற்றுக் காலத்தில் நீலகிரிச் சிறுவர் விளையாட்டுக் குழுக்களுக்கு முழுமையான வழிகாட்டி

எஸ்டேட் டீம், ஹட்டி (படகர் ஊர்) மைதானத்துச் சாயங்காலப் பயிற்சி, ஊர் இளைஞர் குழு என்று 8 முதல் 17 வயது வரையான பிள்ளைகளைச் சம்பளம் வாங்காமல் பழக்குகிறவர்களுக்காக எழுதியது இது. கோவிட் காலத்தில் 2020 மார்ச்சில் மூடித் திறந்து, 2021 மே மாதம் மறுபடி மூடித் திறந்தபோது தேறிய முறைகள் இதில் உள்ளன. மூச்சுக்காற்று வழியே பரவும் வேறு தொற்று வந்தாலும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். திறந்தவெளியில் ஓடியாடும் நேரத்தில் தொற்று பரவும் வாய்ப்பு குறைவு. மலையில் ஆபத்து இருப்பது விளையாட்டுக்கு முன்னும் பின்னும்தான்: தார்ப்பாயை இறக்கிக் கட்டிய ஜீப், மழைக்கு ஒதுங்கும் ஷெட், கதவு சாத்திய டீக்கடை. குளிர் பிள்ளைகளை ஒன்றாக ஒட்டவைக்கிறது. புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் பந்தைத் துடைப்பதில் அரை மணி நேரம் செலவழித்துவிட்டு, பதினைந்து பேரை ஒரே ஜீப்பில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தத் தவறைத் தடுக்கும் வரிசையில் அமைந்தவை.

1. அனுமதி: யாரிடம், எந்த வரிசையில்

மாவட்ட ஆட்சியரின் உத்தரவை முதலில் பாருங்கள். டி.வி.யில் வரும் மாநிலச் செய்தி போதாது. 2020 செப்டம்பரில் மாநிலத்துக்குள் இ-பாஸ் (பயண அனுமதிச் சீட்டு) தேவையில்லை என்று ஆனபோதும், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர அது தேவைப்பட்டது. மலைக்கென்று தனி விதி வருவது வழக்கம்.

அடுத்து மைதானத்துக்கு உரியவர்: பேரூராட்சியோ, பள்ளியோ, எஸ்டேட்டோ. எந்த நாள், எந்த நேரம், எத்தனை பிள்ளைகள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு ஊர்த்தலைவர். கடைசியாக ஆரம்ப சுகாதார நிலையத்தின் கிராம சுகாதாரச் செவிலியர். எந்த லயனில் (எஸ்டேட் தொழிலாளர் வீட்டு வரிசை), எந்தத் தெருவில் தொற்று இருக்கிறது என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். அவருடைய எண் உங்கள் கைபேசியில் இல்லாமல் மைதானத்தைத் திறக்காதீர்கள்.

வரிசை மாறினால் என்ன? எஸ்டேட்டில் சரி என்றதும் பிள்ளைகளிடம் தேதி சொல்லிவிடுவோம். ஆட்சியர் உத்தரவு குறுக்கே வந்தால் ரத்து செய்ய வேண்டும். இரண்டு முறை ரத்தானால் மூன்றாவது முறை பாதிப் பேர் வர மாட்டார்கள்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை. உங்கள் ஊர் மழைக்காலத்தில் திறந்தால் பயிற்சியின் பாதி நேரம் ஷெட்டில்தான் போகும். நிலைமை அனுமதித்தால் மழை விட்ட பிறகு தொடங்குங்கள்.

ஊட்டிப் பக்கம் உறைபனிக் காலத்தில் காலை 6.30 மணிப் பயிற்சி வேண்டாம். வெயில் விழுந்து 9 மணிக்குத் தொடங்கினால் பிள்ளைகள் தள்ளித் தள்ளி நிற்பார்கள். நிழலிலும் பனியிலும் கூடி நின்று கையைத் தேய்ப்பார்கள், எவ்வளவு கத்தினாலும் விலக மாட்டார்கள். மாலைப் பயிற்சியை மஞ்சு (மூடுபனி) இறங்குவதற்கு முன் முடித்துவிடுங்கள்.

3. பழைய பட்டியலும் வராத பிள்ளைகளும்

மூடுவதற்கு முன்பிருந்த வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விஷயம் எழுதுங்கள்: இப்போது எங்கே இருக்கிறான் அல்லது இருக்கிறாள், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், உடம்புக்கு ஏதாவது உண்டா. போனில் கேட்டால் எல்லோரும் “ஒண்ணுமில்ல சார்” என்றுதான் சொல்வார்கள். நேரில் போங்கள், வாசலுக்கு வெளியே நின்று பேசுங்கள்.

வீட்டில் பாட்டி, தாத்தா படுக்கையில் இருந்தால் அந்தப் பிள்ளையை முதல் இரண்டு வாரம் கட்டாயப்படுத்த வேண்டாம். வீட்டிலேயே செய்யும் பயிற்சியை எழுதிக் கொடுங்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குக் குளிர்காற்றில் ஓடும்போது இழுப்பு வரும். இன்ஹேலர் கையில் இல்லையென்றால் அன்றைக்குப் பயிற்சி இல்லை. இன்னொன்றை இந்த மாவட்டத்தில் கட்டாயம் கேட்க வேண்டும்: அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய். பழங்குடிக் குடியிருப்புகளில் இது இருக்கிறது. இந்த நோயுள்ள பிள்ளைக்குக் குளிர், நீரிழப்பு, மூச்சுத் திணறும் ஓட்டம் மூன்றும் சேர்ந்தால் கடும் வலி வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் எழுத்தில் சொன்ன பிறகே சேருங்கள். சேர்த்தபின் தண்ணீரும் ஓய்வும் அந்தப் பிள்ளை கேட்காமலே கிடைக்க வேண்டும்.

வராத பிள்ளைகளைப் பற்றியும் பேச வேண்டும். நீண்ட காலம் பள்ளி மூடினால் கேரட் கழுவும் இடத்துக்கும் கொழுந்து பறிக்கவும் கட்டட வேலைக்கும் போய்விடுகிறார்கள். பதினாறு வயதுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். பழைய சந்தாப் பாக்கியைக் கேட்காதீர்கள். பாக்கிக்குக் கூச்சப்பட்டே பல பிள்ளைகள் மைதானத்துப் பக்கம் வருவதில்லை. குழந்தைத் திருமணம், குழந்தைத் தொழிலாளர் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். கோலில் நிற்க ஆள் இல்லையே என்பதைவிடப் பெரிய விஷயம் இது.

4. மைதானத்தைச் சோதித்தல்

ஆளரவம் இல்லாத மைதானத்தில் காட்டுமாடு மேயும், காட்டுப்பன்றி கிளறிப் போட்டிருக்கும். பன்றி கிளறிய குழியைப் புல் மூடிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, ஓடுகிற கணுக்கால்தான் கண்டுபிடிக்கும். நான்கு பெரியவர்கள் கைநீட்டும் இடைவெளியில் வரிசையாக நடந்து, குழி, உடைந்த பாட்டில், முள்கம்பி மூன்றையும் தேடுங்கள். குழிக்கு மண் போட்டு மிதித்துவிட்டு ஒரு மழைக்குப் பிறகு மறுபடி பாருங்கள். புது மண் இறங்கியிருக்கும்.

கோல் போஸ்ட்டைப் பார்வையால் மட்டும் நம்பாதீர்கள். மேலே பெயின்ட் பளபளக்கும், மண்ணோடு ஒட்டும் இடத்தில் கம்பியைத் துரு தின்றிருக்கும். அடியில் நான்கு விரல் ஆழம் மண்ணைத் தோண்டி, ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு உதிர்ந்தால் அந்த போஸ்ட் வேண்டாம், இரண்டு கற்களை வைத்து விளையாடட்டும். தரையில் பதிக்காத போஸ்ட்டில் பிள்ளைகள் தொங்கி, அது மேலே சாய்ந்தால் உயிர் போகும்.

தண்ணீர்த் தொட்டி மாதக்கணக்கில் தேங்கியிருக்கும். முழுவதும் திறந்துவிட்டுத் தேய்த்துக் கழுவிப் புதிதாக நிரப்புங்கள். 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் போதும். அப்படியே கொட்டாமல் வாளியில் குழைத்துக் கரைத்து, தெளிய விட்டு, மேல் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்துவிடுங்கள். கழிப்பறையில் பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

5. வண்டி, ஷெட், டீக்கடை

இந்தப் படியைத் தீர்க்காமல் மேலே போகாதீர்கள்.

நடந்து வரக்கூடிய தூரத்தில் உள்ளவர்களை மட்டும் வைத்து முதல் இரண்டு வாரத்தை நடத்துங்கள். தூரத்துப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் உங்களில் ஒருவர் அவர்களுடைய லயன் மைதானத்துக்கே போய்ப் பழக்கலாம். ஒரு கோச் நகர்வது பத்துப் பிள்ளைகள் நகர்வதைவிட எளிது.

ஜீப் தவிர்க்க முடியாது என்றால் நான்கு விதி. ஒன்று, ஒரு பேட்ச் (எப்போதும் ஒன்றாகவே பழகும் எட்டு, பத்துப் பேர் குழு) பிள்ளைகள் மட்டும் ஒரு வண்டியில். இரண்டு, பின்பக்கத் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்ட வேண்டும், முன் ஜன்னல் கண்ணாடி நான்கு விரல் இறங்கியிருக்க வேண்டும். குளிரும், ஆகவே ஸ்வெட்டர் போடாத பிள்ளையை ஏற்றாதீர்கள். மூன்று, எல்லோருக்கும் மாஸ்க், வண்டிக்குள் பாட்டும் கூச்சலும் இல்லை. ஜெயித்த நாளில்தான் இது மீறப்படும். நான்கு, யார் எந்த வண்டியில் வந்தார்கள் என்று வருகைப் பதிவேட்டில் ஒரு பத்தி. பின்னால் ஒருவருக்குத் தொற்று வந்தால் இந்தப் பத்திதான் பத்து வீட்டுக்குச் செல்வதா இரண்டு வீட்டுக்குச் செல்வதா என்பதைத் தீர்மானிக்கும்.

ஷெட்டைப் பூட்டுங்கள். பை, ஷூ, தண்ணீர் பாட்டில் எல்லாம் மைதான ஓரத்தில் கயிறு கட்டி ஆறடிக்கு ஒன்றாக வைக்கலாம். உடை மாற்ற இடம் இல்லை, பிள்ளைகள் வீட்டிலிருந்தே ஜெர்சி போட்டு வரட்டும். பெண் பிள்ளைகளுக்கு மட்டும் கழிப்பறைச் சாவி ஒரு பெண் பொறுப்பாளரிடம் இருக்க வேண்டும், ஒருவர் வந்தபின் அடுத்தவர்.

மழை வந்தால் ஷெட் கேட்பார்கள். தூறல் விழுந்ததுமே பயிற்சி முடிந்தது என்று முன்கூட்டியே அறிவித்திருங்கள். ரெயின்கோட் எல்லோர் பையிலும் இருக்க வேண்டும். இடி இடித்தால் மட்டும் விதி வேறு: தொற்றைவிட மின்னல் முந்தியது, கட்டடத்துக்குள் அனுப்புங்கள், கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

டீக்கடையைத் தடுக்க ஒரே வழி, பசிக்கு முன்பே ஏதாவது கொடுப்பது. அவித்த கடலையோ வாழைப்பழமோ தலைக்கு ஒன்று, மைதானத்திலேயே, தள்ளி உட்கார்ந்து. வீட்டிலிருந்து பிளாஸ்கில் சுடுதண்ணீர் வரட்டும்.

6. பேட்ச் பிரித்தல்

எட்டு முதல் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு கோச். இந்தப் பத்தும் ஆறு வாரத்துக்கு மாறக் கூடாது. திறமை பார்த்துப் பிரிக்காதீர்கள். ஒரே லயன், ஒரே வகுப்பு, ஒரே ஜீப் என்று பிரியுங்கள். ஏற்கெனவே ஒன்றாக இருப்பவர்களை ஒன்றாக வைத்தால் புதிய தொடர்பு உருவாகாது. அண்ணன் தம்பி வயது வேறானாலும் ஒரே பேட்ச்தான்.

மலையில் மைதானங்கள் சரிவை வெட்டி எடுத்தவை, சிறியவை. ஒரே நேரத்தில் இரண்டு பேட்சுக்கு மேல் வேண்டாம். ஒரு பேட்ச் கிளம்பி 15 நிமிடம் கழித்து அடுத்தது உள்ளே வர வேண்டும். மைதானத்துக்கு ஒரே படிக்கட்டு வழி இருந்தால் அந்த 15 நிமிடத்தைக் குறைக்கவே கூடாது.

கோச் வராத நாளில் இரண்டு பேட்சைச் சேர்த்துவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. அன்றைக்கு அந்தப் பேட்சுக்கு விடுமுறை விடுங்கள்.

7. வாசலில் சோதனை

நெற்றிக்கு நேரே நீட்டும் தெர்மாமீட்டரை நம்பி மைதானம் திறந்தவர்கள் மலையில் ஏமாந்தார்கள். அந்தக் கருவிகள் பொதுவாக 16 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால்தான் சரியாகக் காட்டும். மஞ்சு படிந்த காலையில் இரண்டுமே இல்லை. குல்லாவைக் கழற்றிய நெற்றியில் பனி ஈரம் இருக்கும், திரையில் ‘லோ’ என்று வரும், பிள்ளை உள்ளே போய்விடும். காய்ச்சலோடு.

வீட்டில் அக்குளில் வைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரே மேல். கிளம்புவதற்கு முன் பெற்றோர் பார்த்து, அட்டையில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பட்டும். சிக்னல் இல்லாத இடங்களில் வாட்ஸ்அப் வேலைக்காகாது, அட்டைதான் நிற்கும். அட்டையில் நான்கு கேள்வி போதும்: காய்ச்சல் உண்டா, இருமலோ தொண்டை வலியோ உண்டா, வயிற்றுப்போக்கு உண்டா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா. பத்துக் கேள்வி கேட்டால் படிக்காமல் ‘இல்லை’ என்று வரிசையாக டிக் அடிப்பார்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டரை வாசலில் பயன்படுத்தாதீர்கள். குளிர்ந்த விரலில் அது தவறாகக் குறைத்துக் காட்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், நல்ல ஆரோக்கியமான பிள்ளைக்கும் சமவெளியைவிட எண் சற்றுக் குறைவாக இருக்கும். மருதாணி விரலிலும் ஏமாற்றும். சந்தேகப்படும் பிள்ளைக்கு மட்டும், கையைச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். எண்ணைப் பார்த்து நீங்களே முடிவு செய்யாமல் சுகாதார நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

8. கை, மாஸ்க், பந்து, விசில்

வாளியில் குழாய் வைத்துச் சோப்பு கட்டிவிட்டால் போதும் என்று நினைப்போம். தண்ணீர் ஐஸாக இருந்தால் பிள்ளைகள் விரல் நுனியை நனைத்துவிட்டு ஓடுவார்கள். வாளியில் கால் பங்கு கொதித்த தண்ணீர் கலந்து, சூட்டைப் பெரியவர் கை விட்டுப் பார்த்துவிடுங்கள், 20 விநாடி நின்று கழுவுவார்கள். தலைக்கு அரை லிட்டர் கணக்கு.

சானிடைசர் வாங்கினால் ஆல்கஹால் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள். ஒரு தடவைக்கு 3 மில்லி, மூன்று தடவை, 40 பிள்ளைகள் என்றால் நாளுக்கு 360 மில்லி. 5 லிட்டர் கேன் இரண்டு வாரம்கூட முழுதாக வராது. காசு குறைவாக இருந்தால் சோப்பில் போடுங்கள்.

ஓடும்போது மாஸ்க் வேண்டாம். மூச்சு முட்டும், ஈரமான மாஸ்க் மூக்கில் ஒட்டும். வரும்போது, காத்திருக்கும்போது, போகும்போது மட்டும். மஞ்சில் சீக்கிரம் நனைவதால் மாற்று மாஸ்க் ஒன்று துணிப்பையில் இருக்கட்டும். கோச்சுக்கு எப்போதும் மாஸ்க், கத்திக்கொண்டே இருப்பவர் அவர்தான்.

விசில் ஊதினால் எச்சில் தெறிக்கும். கையில் அழுத்தும் விசில் கிடைக்காவிட்டால் தட்டு, மணி எதுவானாலும் சரி. டீமைப் பிரித்துக் காட்டச் சட்டைக்கு மேல் போடும் வண்ண பிப்பைப் பத்துப் பேர் மாறி மாறிப் போடுவதை நிறுத்துங்கள். வெளிர் நிறத்தில் ஒரு டி-ஷர்ட், அடர் நிறத்தில் ஒன்று என்று பிள்ளைகளே கொண்டுவரட்டும். கோல்கீப்பர் கையுறையைப் பகிரக் கூடாது, அதில் துப்பித் தேய்க்கும் பழக்கமும் கூடாது. கிரிக்கெட் பந்தில் எச்சில் தடவுவதை ஐசிசி 2020-இல் தடை செய்து 2022-இல் நிரந்தரமாக்கியது, உங்கள் ஊர் ஆட்டத்திலும் அதே விதி. பந்தைப் பயிற்சி முடிந்ததும் சோப்புத் தண்ணீரால் துடைத்தால் போதும். சானிடைசர் போட்டால் தோல் வெடிக்கும்.

9. எந்த விளையாட்டு முதலில்

ஓட்டம், தாண்டுதல், சொந்தக் கம்போடு தனிச் சிலம்பம் முதலில். பிறகு வாலிபால், கிரிக்கெட், வெளியே ஆடும் இறகுப்பந்து. அதற்குப் பிறகு கால்பந்து, ஹாக்கி: முதல் வாரங்களில் பாஸ், டிரிபிள், ஷூட்டிங் மட்டும், மோதும் ஆட்டம் ஆறு வாரத்தில் கடைசி இரண்டு வாரம்.

கபடி கடைசி. முகத்துக்கு முகம் நெருங்கி, ‘கபடி கபடி’ என்று மூச்சை விடாமல் சத்தமாகப் பாடி, ஆறேழு பேர் ஒருவர்மேல் விழும் ஆட்டம் அது. தொற்றுக்கு அதைவிட வசதி கிடையாது. பிள்ளைகள் கோபப்படுவார்கள், காரணத்தைச் சொல்லுங்கள், கால் வேலையும் தனிப் பயிற்சியும் கொடுங்கள். ஜன்னல் சாத்திய உள்ளரங்கில் ஆடும் ஆட்டம் எதுவானாலும் கபடியைப் போலவே கடைசிதான்.

10. ஆறு வாரப் பயிற்சி அளவு

மூன்று மாதத்துக்கு மேல் ஓய்ந்த உடம்பு இது. பழைய பயிற்சி 90 நிமிடம் என்றால் முதல் இரண்டு வாரம் அதில் பாதி, 45 நிமிடம். அடுத்த இரண்டு வாரம் 70 சதவீதம். ஐந்தாவது வாரம் 80, ஆறாவது வாரம் 90. நேரத்தை மட்டும் குறைத்து வேகத்தைக் கூட்டிவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்து குறைய வேண்டும்.

மேட்டு ரோட்டில் ஓடவிடுவது, தாமதமாக வந்தவனைத் தண்டனையாக மைதானம் சுற்றவிடுவது இரண்டும் முதல் நான்கு வாரம் கூடாது. சமவெளியில் சொந்தக்காரர் வீட்டில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வந்த பிள்ளைக்கு முதல் நான்கைந்து நாள் நடையும் மெல்லோட்டமும் மட்டும். அவனுக்கு மூச்சு வாங்குவது சோம்பலால் அல்ல, உயரத்தால்.

மூடியிருந்த மாதங்களில் பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். முதல் நாள் எல்லோருடைய ஷூவையும் பெருவிரல் நுனியில் அழுத்திப் பாருங்கள். விரல் முட்டினால் அந்த ஷூ வேண்டாம். பழைய ஷூக்களைக் கழுவிக் காயவைத்து அளவு பார்த்து மாற்றிக்கொடுத்தால் செலவில்லை. முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு மேட்டில் அழுத்தினால் வலிக்கிறது என்று 11 முதல் 15 வயதுப் பிள்ளை சொன்னால், வளரும் எலும்பில் தசைநார் இழுக்கிறது என்று பொருள். குதிப்பதையும் வேக ஓட்டத்தையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

11. தொற்று வந்து ஆறிய பிள்ளை

லேசான தொற்று என்றாலும் அறிகுறி தொடங்கி குறைந்தது 10 நாள் ஓய்வு, அதில் கடைசி 7 நாள் மருந்தில்லாமல் அறிகுறியே இல்லாமல் இருக்க வேண்டும். பிறகு படிப்படியாக: முதல் இரண்டு நாள் 15 நிமிடம், மூன்றாம் நாள் 30, நான்காம் நாள் 45, ஐந்து ஆறாம் நாள் 60 நிமிடம். ஏழாம் நாள் பேட்சோடு சேரலாம்.

முதல் இரண்டு நாளில் நாடித்துடிப்பு அந்த வயதுக்குரிய உச்ச அளவில் (220-இலிருந்து வயதைக் கழித்தது) 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 14 வயதுப் பிள்ளைக்குத் தோராயமாக நிமிடத்துக்கு 144, அதாவது 10 விநாடிக்கு 24. அடுத்த நாட்களில் 10 விநாடிக்கு 27-ஐத் தாண்ட வேண்டாம். எண்ணத் தெரியாவிட்டால் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.

நான்கு நாளோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தவர்கள், மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், நெஞ்சு வலியோ படபடப்போ மயக்கமோ கண்டவர்கள் மருத்துவர் பார்த்து, இ.சி.ஜி. எடுத்த பிறகே வர வேண்டும். வைரஸ் இதயத் தசையைத் தொட்டிருந்தால் ஓட்டம் அதை ஆபத்தாக்கும். தொற்று ஆறி 2 முதல் 6 வாரத்தில் மறுபடி காய்ச்சல், உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு, வயிற்று வலி என்று வந்தால் அன்றே மருத்துவமனைக்கு.

12. மைதானத்தில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சுட்டால்

மாஸ்க் போட்டுக் காற்றோட்டமான இடத்தில் தனியாக உட்கார வைத்து, போர்வை கொடுத்து, ஒரு பெரியவர் ஆறடி தள்ளிக் கூடவே இருக்க வேண்டும். பெற்றோர் வந்து அழைத்துப் போகட்டும். பொது ஜீப்பில் ஏற்றாதீர்கள். மூச்சுத் திணறினால் 108. மஞ்சில் ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் நிற்கும், ஆகவே தார் ரோட்டில் ஒருவரை டார்ச்சோடு நிறுத்துங்கள்.

அந்தப் பேட்ச் மட்டும் நிற்கும், மற்றவை நடக்கும். மற்ற பெற்றோரிடம் “உங்கள் பிள்ளையின் பேட்சில் ஒருவருக்குத் தொற்று” என்று மட்டும் சொல்லுங்கள். பெயரைச் சொன்னால் அந்த வீட்டுக்குப் பால்காரர்கூட வர மாட்டார், அடுத்த முறை எந்த வீட்டிலும் காய்ச்சலை வெளியே சொல்ல மாட்டார்கள்.

13. வெளி டீமோடு ஆட்டம்

ஆறு வாரம் முடிந்து, கடைசி 14 நாளில் உங்கள் பேட்சுகளில் தொற்று இல்லையென்றால் ஊருக்குள் ஆட்டம் வைக்கலாம். பிறகு பக்கத்து எஸ்டேட். மேட்டுப்பாளையம், கோவை டீம்களை அழைப்பது கடைசி. ஏறி வரும் பஸ்தான் அதில் பெரிய ஆபத்து, கூடவே இ-பாஸ் போன்ற விதி இருந்தால் பாதி டீம் சோதனைச் சாவடியில் நின்றுவிடும்.

ஒரு நாளில் ஒரு ஆட்டம் மட்டும் வைத்துப் பழகுங்கள். எட்டு டீம் நாக் அவுட் வைத்தால் தோற்ற டீம்களும் கோப்பை கொடுக்கும்வரை கூட்டமாக நின்று பார்க்கும். சாப்பாட்டைப் பந்தியாகப் போடாமல் பொட்டலமாகக் கட்டி, விருந்தாளி டீம் வண்டி ஏறும் இடத்தில் கொடுத்து அனுப்புங்கள்.